எம்.எஸ். என்று தெரிந்த பிறகு: கோலாலம்பூர், பினாங்குவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் என்று டாக்டர் சொன்னதும் பலர் செய்கிற முதல் காரியம் கூகுளைத் திறப்பதுதான். அங்கே வரிசையாகச் சக்கர நாற்காலிப் படங்கள் வரும். அந்தப் பயத்தில் பெரும்பகுதி, மருந்தே இல்லாத காலத்தின் மிச்சம். இந்த நோயின் போக்கை மாற்றக்கூடிய முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993இல். இன்று அப்படிப்பட்ட மருந்துகள் இருபதுக்கும் மேல் இருக்கின்றன.

நான் இந்த நோயோடு கோலாலம்பூரில் வேலை பார்க்கிறவள். அம்மா வீடு பினாங்கில். இரண்டு ஊர் மருத்துவமனை நாற்காலிகளும் எனக்கு நல்ல பழக்கம். புதிதாக இந்தப் பெயரைக் கேட்டவர்கள் கேட்கும் கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

பெரும்பாலோருக்கு எம்.எஸ். வந்து வந்து போகும். ஒரு கண் மங்கும், கால் மரத்துப்போகும், சில வாரங்களில் தானாகவே தேறும். தேறியதும் ஃபைலைப் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். ஆனால் மருந்து தொடங்குவது, தடுப்பூசி, காப்புறுதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), உடற்பயிற்சி எல்லாமே அந்த நல்ல நாட்களில் செய்யவேண்டிய வேலைகள். வெளியே அமைதியாக இருக்கும்போதும் உள்ளே எம்.ஆர்.ஐ. படத்தில் புதுப் புள்ளிகள் விழுந்துகொண்டிருக்கலாம்.

முதலில் பெயர் சரிதானா என்று பாருங்கள்

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, கண் நரம்பு, முதுகுத் தண்டு ஆகிய இடங்களில் நரம்பைச் சுற்றியிருக்கும் மையலின் உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். எந்த இடம் அடிபடுகிறதோ அதற்கேற்ற தொந்தரவு வரும். கண்ணை அசைத்தால் வலி, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிவது, கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் ஓடுவது போன்ற உணர்வு, இடுப்பைச் சுற்றி யாரோ இறுக்கிக் கட்டியது போன்ற பிடிப்பு. 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குவது வழக்கம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

ஐரோப்பாவில் இருப்பவரை விட நாம் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலேசியாவில் எம்.எஸ். அரிது. அதே சமயம், அதைப் போலவே தோன்றும் இன்னொரு நோய் ஆசியாவில் கணிசமாக இருக்கிறது. அதன் பெயர் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ. அதுவும் கண்ணையும் முதுகுத் தண்டையும்தான் தாக்கும். ஆனால் அது வேறு நோய், வைத்தியமும் வேறு. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் போன்ற மருந்துகள் என்.எம்.ஓ. உள்ளவரை மோசமாக்கிவிடும். இரண்டையும் பிரித்துக் காட்டும் அக்வாபோரின்-4 ஆன்டிபாடியை (ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்புப் புரதம்) அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அறிவித்தது 2004இல்தான். அதற்கு முன்பு ஆசியாவில் கண்ணும் முதுகுத் தண்டும் சேர்ந்து பாதிக்கப்பட்ட பலரை எம்.எஸ். கணக்கில்தான் சேர்த்திருந்தார்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பழைய எம்.எஸ். சீட்டு இருந்தால், அதை ஒருமுறை மறுபடி பார்க்கச் சொல்வதில் தப்பில்லை.

ஆகவே டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: அக்வாபோரின்-4 ஆன்டிபாடி பார்த்தாயிற்றா? எம்.எஸ். போலத் தோன்றும் வேறொரு நோயைக் காட்டும் மோக் ஆன்டிபாடி பார்த்தாயிற்றா? முதுகுத் தண்டு எம்.ஆர்.ஐ.யில் மூன்று முதுகெலும்பு நீளத்துக்கு மேல் பாதிப்பு இருந்தாலோ, காரணமில்லாமல் நாள்கணக்கில் விக்கலும் வாந்தியும் வந்திருந்தாலோ இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். விக்கலை யாரும் நரம்பு டாக்டரிடம் சொல்வதில்லை. வாயுத் தொல்லை என்று விட்டுவிடுவோம். சொல்லுங்கள்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும் பரிசோதனைக்கு வீட்டில் எதிர்ப்பு வரும். நிரந்தரமாக இடுப்பு போய்விடும் என்று அத்தை ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்படி ஆகாது. சிலருக்குச் சில நாள் தலைவலி வரும், அவ்வளவுதான். அந்த நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் (எதிர்ப்புப் புரதங்களின் தடயம்) தெரிந்தால் நோயை உறுதிசெய்வது எளிதாகிறது. எம்.எஸ்.ஸை முடிவு செய்ய உலகெங்கும் பின்பற்றும் மெக்டொனால்ட் விதிகளிலும் அதற்கு இடமுண்டு.

எங்கே போவது

அரசாங்க வழி என்றால் உங்கள் வட்டாரக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) தொடங்குங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு சிறப்பு மருத்துவரிடம் போனால் 5 வெள்ளி. கோலாலம்பூர் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு துங்கு அப்துல் ரஹ்மான் நரம்பியல் கழகக் கட்டடத்தில் இருக்கிறது. மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை இரண்டிலும் நரம்பியல் நிபுணர்கள் உண்டு. பினாங்கில் ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பொது மருத்துவமனை. பார்வை திடீரென்று போகிறது, கால் எழவில்லை, சிறுநீர் வரவில்லை என்றால் கடிதத்துக்கெல்லாம் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு நேரே போய்விடுங்கள்.

அரசாங்கத்தில் எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். கையில் பணம் இருப்பவர்கள் படத்தை மட்டும் தனியாரில் எடுத்துக்கொண்டு வைத்தியத்தை அரசாங்கத்தில் தொடர்வது இங்கே சகஜம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். படங்கள் உள்ள சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் டாக்டர் பார்க்கப்போவது பழைய படத்துக்கும் புதுப் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான்.

ஒரு ஃபைல் தொடங்குங்கள். தொந்தரவு வந்த தேதி, எந்தப் பக்கம், எத்தனை நாள், எப்படித் தேறியது, என்ன மருந்து. ஒரு தாளில் மேலிருந்து கீழாக எழுதினால் போதும். அரசாங்க மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் பார்க்கலாம். அந்த ஒரு தாள் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும். இதே தாள்தான் பின்னால் காப்புறுதிக்கும் உதவப்போகிறது.

மருந்து: நன்றாக இருக்கும்போது எதற்கு?

வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் நேரானது. இந்த மருந்துகள் போன பார்வையைத் திருப்பித் தருவதற்கில்லை, அடுத்த தாக்குதலைக் குறைப்பதற்கு. ஆகவே முழுக்கத் தேறியவருக்குத்தான் அதில் காப்பாற்ற நிறைய இருக்கிறது. தாமதமாகத் தொடங்குவதைவிட ஆரம்பத்திலேயே தொடங்குவது நல்லது என்பதில் இன்று நரம்பியல் உலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

மருந்துகளில் ஊசி உண்டு, மாத்திரை உண்டு, மருத்துவமனையில் படுத்து ஏற்றிக்கொள்வதும் உண்டு. இன்டர்ஃபெரான், கிளாட்டிராமர் ஆகியவை பழையவை, பல வருட அனுபவம் உள்ளவை. ஆனால் வலிமை குறைவு. டெரிஃப்ளுனோமைட், டைமெத்தில் ஃபியூமரேட், ஃபிங்கோலிமோட் வாய்வழி மருந்துகள். ஓக்ரெலிசுமாப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுவது. ஒஃபாட்டுமுமாப் மாதம் ஒருமுறை வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி. கிளாட்ரிபின் மாத்திரையை இரண்டு வருடத்தில் சில நாட்கள் மட்டும் சாப்பிட்டால் போதும்.

விலை என்று வந்தால் புதியவை நம் சம்பளத்துக்கு எட்டாத உயரம். மருத்துவமனைப் பட்டியலில் இல்லாத மருந்துக்குச் சிறப்பு அனுமதி கேட்க வேண்டியிருக்கும். மருத்துவமனையிலேயே மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. அங்கே போய் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி பற்றிக் கேளுங்கள். சம்பளச் சீட்டு, குடும்ப வருமானம், டாக்டர் கடிதம் கையில் இருக்கட்டும். இன்னொரு விஷயம்: உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் முதல்முறையாக எம்.எஸ். மருந்துகளைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்சிமாப் ஆகிய மூன்று. இதில் ரிட்டுக்சிமாப் வேறு நோய்களுக்காக வந்த மருந்து. ஓக்ரெலிசுமாப் தாக்கும் அதே பி அணுக்களைத்தான் (ஒரு வகை வெள்ளை அணு) இதுவும் தாக்குகிறது, விலையோ பல மடங்கு குறைவு. டாக்டர் அதைப் பரிந்துரைத்தால் "மட்டமான மருந்தைத் தருகிறார்கள்" என்று நினைக்க வேண்டாம்.

தொடங்குமுன் சில பரிசோதனைகள் உண்டு. ஹெபடைட்டிஸ் பி கட்டாயம். ஓக்ரெலிசுமாப், ரிட்டுக்சிமாப் போன்றவை உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கிருமியை எழுப்பிவிடும். காசநோய் நம் நாட்டில் இன்னும் இருப்பதால் அதையும் பார்ப்பார்கள். சின்னம்மை வந்ததா, தடுப்பூசி போட்டதா என்றும் கேட்பார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தடுப்பூசிகளை மருந்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஓக்ரெலிசுமாப் என்றால் உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளுக்குக் குறைந்தது நான்கு வாரம், மற்றவற்றுக்கு இரண்டு வாரம் இடைவெளி தேவை.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் இரண்டையும் திடீரென்று விட்டால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பி வரலாம்.

குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள் முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், கல்யாணம் ஆகாவிட்டாலும் கூட. டெரிஃப்ளுனோமைட் நிறுத்திய பிறகும் இரண்டு வருடம் வரை உடம்பில் தங்கக்கூடியது. அதை வேகமாக வெளியேற்றத் தனி மருந்து கொடுப்பார்கள். கர்ப்பம் நோயை மோசமாக்கும் என்ற பழைய பயத்துக்கு 1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு பதில் சொல்லிவிட்டது: கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் நன்றாகக் குறைந்தன, பிரசவத்துக்குப் பிந்திய மூன்று மாதங்களில் கூடின. ஆகவே ஆள் துணை அதிகம் வேண்டியது பிள்ளை பிறந்த பிறகு. எம்.எஸ். தாயிடமிருந்து பிள்ளைக்கு நேராகப் போகும் பரம்பரை நோயும் அல்ல. நெருங்கிய உறவினருக்கு வாய்ப்பு சற்றே கூடுகிறது, அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ரிலாப்ஸா, வெயிலா?

மதியம் இரண்டு மணிக்கு மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் நடந்து வந்தால் ஒரு கண் மங்கும், கால் கனக்கும். குளிர்சாதன அறையில் அரைமணி உட்கார்ந்தால் சரியாகிவிடும். இது புதுத் தாக்குதல் இல்லை. உடல் சூடு கொஞ்சம் ஏறினாலும், உறை கிழிந்த நரம்பில் செய்தி தடைபடும். 1890இல் வில்ஹெல்ம் உத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். ஸ்கேன் இல்லாத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முயன்றதும் உண்டு. வெயில் நரம்பைப் புதிதாகக் கெடுப்பதில்லை என்று தெரிந்துகொண்டாலே பாதி பதற்றம் போய்விடும்.

ரிலாப்ஸ், அதாவது புதுத் தாக்குதல், என்றால் புதுத் தொந்தரவோ பழையது மோசமானதோ 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க வேண்டும், காய்ச்சலோ தொற்றோ இருக்கக்கூடாது. ஆகவே முதலில் காய்ச்சல் பாருங்கள், சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். எம்.எஸ். உள்ளவருக்குச் சிறுநீர்த் தொற்று எரிச்சல் இல்லாமலே வரலாம், கால் பலவீனமாக மட்டும் வெளியே தெரியலாம். தொற்று இருக்கும்போது, ரிலாப்ஸுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டை ஏற்றினால் வினைதான். காய்ச்சல் என்றால் நம் ஊரில் டிங்கியையும் நினைக்க வேண்டும். பாராசிட்டமால் மட்டும் எடுங்கள், ஐபுப்ரோஃபென் வேண்டாம். எம்.எஸ். மருந்தின் பெயரைக் கிளினிக்கில் சொல்லுங்கள், ரத்த அணு எண்ணிக்கையைப் படிக்கும்போது அது அவர்களுக்குத் தேவை.

உண்மையான ரிலாப்ஸ் என்றால் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஒரு நாளைக்கு 1 கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் ஏற்றுவார்கள். அது தேறும் வேகத்தைக் கூட்டும், கடைசியில் எவ்வளவு தேறுவீர்கள் என்பதை அதிகம் மாற்றாது. இனிப்பு நீர் உள்ளவர்கள் அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். தூக்கம் வராது, கோபம் வரும். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நடைப்பயிற்சிக்கு நேரம் காலை ஏழு, ஏழரை. தித்திவங்சா ஏரிப் பூங்கா, பினாங்கில் தாவரவியல் பூங்கா. நீச்சல் இன்னும் நல்லது, தண்ணீரே சூட்டை இழுத்துக்கொள்ளும். களைப்புதான் இந்த நோயின் மிகப் பெரிய தொந்தரவு, வெளியே தெரியாத தொந்தரவும் அதுதான். "நல்லாத்தானே இருக்கே" என்பவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் போய்ப் படுத்துவிடுவது என் வழக்கம். கடைக்கும் சமையலுக்கும் காலை நேரத்தை வையுங்கள்.

தைப்பூசத்துக்குப் போகலாமா என்று கேட்பார்கள். பத்துமலையில் 272 படிகள், பினாங்கு தண்ணீர்மலையில் ஐந்நூறுக்கும் மேல். போகலாம், ஆனால் பகலில் கூட்டத்தோடு வேண்டாம். விடியலுக்கு முன்போ திருநாளுக்கு முந்திய வார நாட்களிலோ போங்கள். கழுத்துக்கு ஈரத் துண்டு, கையில் குளிர்ந்த தண்ணீர். விரதம் இருந்தாலும் மாத்திரையை விடாதீர்கள். டைமெத்தில் ஃபியூமரேட் போன்றவற்றைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் வயிறு தாங்கும்.

வேலையும் காகிதங்களும்

முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். எனக்குக் கேட்டால், தகுதிகாண் காலம் முடியும்வரை அவசரப்பட வேண்டாம் என்பேன். தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டப்படி எம்.சி. (மருத்துவ) விடுப்பு வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள், பணிக்காலத்தைப் பொறுத்து. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் அதற்குத் தனியாக 60 நாள். 2023 ஜனவரியிலிருந்து, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும்.

சொக்சோவின் இயலாமைத் திட்டம் பலருக்குத் தெரிவதே இல்லை, விபத்துக்கு மட்டும்தான் சொக்சோ என்று நினைக்கிறார்கள். நோயால் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை வந்தால், 60 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம். முழுத் தகுதிக்குக் கடைசி 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருக்கவேண்டும். வேலையை ராஜினாமா செய்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வீட்டில் உட்கார்ந்த பிறகு கேட்டால் இந்தக் கணக்கு தவறிப்போகலாம். எந்த ராஜினாமாக் கடிதத்துக்கும் முன்பு சொக்சோ அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

காப்புறுதி எடுத்திருந்தால், 36 கொடிய நோய்ப் பட்டியலில் எம்.எஸ். இருக்கிறது. ஆனால் நரம்பு பாதிப்பு குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்திருக்க வேண்டும், வந்து போன வரலாறும் பதிவாகியிருக்க வேண்டும் என்பது விளக்கம். அந்த ஒரு தாள் ஃபைல் இங்கேதான் கைகொடுக்கும். ஏஜெண்டு "கிடைக்காது" என்றால் அதை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் கேளுங்கள்.

நடையிலோ பார்வையிலோ நிரந்தரக் குறை தங்கிவிட்டால் சமூகநல இலாகாவில் ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், படிவத்தை டாக்டர் நிரப்புவார். அட்டை இருந்தால் 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியில் கூடுதலாக 7,000 வெள்ளி கழிவு உண்டு.

நாட்டு மருந்து

எண்ணெய் தேய்த்துக்கொள்வதிலும் யோகாவிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் லேகியம்தான் சிக்கல். நம் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே தவறான இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அஸ்வகந்தா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, எம்.எஸ். மருந்துகள் பலவும் கல்லீரலைத்தான் தொடுகின்றன. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடியும் எண் இருக்கும்.

ஆராய்ச்சிச் செய்தியை எப்படிப் படிப்பது

வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு "எம்.எஸ். குணமாகிறது" வரும். மூன்று கேள்வி கேளுங்கள்: எலியிலா மனிதரிலா, எந்த வகை எம்.எஸ்.ஸில், எதை அளந்தார்கள்?

2022இல் வந்த ஹார்வர்ட் ஆய்வு உண்மையிலேயே பெரியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களில் எம்.எஸ். வந்தவர்களின் சேமித்த ரத்த மாதிரிகளை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. ஆனால் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்த வைரஸ் இருக்கிறது, அதில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. அதனால் வைரஸ் தேவை, அது மட்டும் போதாது என்றுதான் படிக்க வேண்டும். வைரஸைக் கொன்றால் உள்ள நோய் போகும் என்று இதுவரை யாரும் காட்டவில்லை.

மெதுவாக நடையைக் குறைத்துக்கொண்டே போகும் வகைக்கு மருந்து குறைவு. அதில் டோலெப்ருட்டினிப் என்ற மாத்திரை, ரிலாப்ஸ் நின்று போன இரண்டாம் கட்ட நோயாளிகளில் இயலாமை கூடும் அபாயத்தை 31 சதவீதம் குறைத்தது. அதே மாத்திரை ரிலாப்ஸைத் தடுப்பதில் டெரிஃப்ளுனோமைடை முந்தவில்லை, கல்லீரல் பிரச்சினையும் காட்டியது. ஒரே மருந்துக்கு இரண்டு பதில். கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் மேல் பல வருட நம்பிக்கை இருந்தது. 2024இல் பிரிட்டனின் பெரிய ஆய்வு அது பயன் தரவில்லை என்று சொல்லிவிட்டது. கிழிந்த உறையை மறுபடி வளர்க்க முயலும் ஆய்வுகளில், பழைய அலர்ஜி மாத்திரையான கிளிமாஸ்டின் கண் நரம்பின் செய்தி வேகத்தைச் சிறிது கூட்டியதாக 2017இல் வந்தது. சிறிது என்பதைக் கவனியுங்கள், கடையில் வாங்கிச் சாப்பிடும் அளவுக்கு இல்லை.

கழுத்து ரத்தக்குழாயை விரித்தால் எம்.எஸ். போய்விடும் என்று 2009இல் இத்தாலியில் ஒரு டாக்டர் சொன்னார். உலகம் முழுக்க மக்கள் வீட்டை அடகு வைத்து ஓடினார்கள். 2017இல் அவரே நடத்திய முறையான ஆய்வில் பலன் இல்லை என்று முடிவானது. ஸ்டெம் செல் என்று விளம்பரம் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கீமோதெரபி கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அழித்து, சொந்த ரத்த ஸ்டெம் செல்லைத் திருப்பி ஏற்றும் முறை பெரிய மருத்துவமனைகளில், தேர்ந்தெடுத்த சிலருக்கு, ஆபத்தோடு செய்யப்படுவது. ஏர்கண்டிஷன் போட்ட கிளினிக்கில் ஒரு மதியத்தில் போடும் ஊசி அதுவல்ல.

மலேசியாவில் நடக்கும் உண்மையான ஆய்வு தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்திருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், மருந்துக்கு உங்களிடம் காசு கேட்காது. பதிவு எண்ணைக் கேளுங்கள். இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள், அந்த இடைவெளியில் ரிலாப்ஸ் வந்தால் யார் பொறுப்பு, மருந்தில்லாத வெற்று மாத்திரை கிடைக்க வாய்ப்புண்டா என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான வைத்தியம் பாதிக்காது. மலாயோ ஆங்கிலமோ அம்மா அப்பாவுக்குப் புரியாவிட்டால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், அல்லது தமிழில் விளக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அதில் ஆய்வு மருத்துவரின் தொலைபேசி எண் இருக்கும். உங்கள் கைப்பேசியில் மட்டுமல்லாமல் வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலும் அதை ஏற்றி வையுங்கள்.